தொட்டில் பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே பதிப்பக முதலாளி போன். அடுத்த வண்ணம் தீட்டும் புத்தகம் எல்ஃபாம்.

"டைனோசர் நல்லாப் போச்சும்மா. இப்ப எல்ஃப் போடுவோம். கூர்க்காது, கூம்புத் தொப்பி, முனை வளைஞ்ச ஷூ. படத்துக்குக் கீழ நாலு வரி பழங்கதை. பிள்ளை எதையோ கத்துக்குதுன்னு அம்மாமாருக்கு ஒரு திருப்தி வரணும், அவ்வளவுதான்."

மேல்நாட்டுக் கதைகளில் வரும் இந்த மாய ஆளை, எல்ஃபைத் தமிழில் எப்படி எழுதுவது? குட்டிச்சாத்தான் என்றால் புத்தகம் ஒரு வீட்டு வாசலையும் தாண்டாது. தேவதை என்றால் இறக்கை எங்கே என்று கேட்பார்கள். எல்ஃப் என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.

கோடு மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு நிறத்தை ஊர்ப் பிள்ளைகளின் தலையில் கட்டுகிறவள் என்று தங்கை என்னைக் கேலி செய்வாள். பாதி வேலைக்காரி என்று பெயர் வைத்திருக்கிறாள். இருபது வருஷமாகப் பாதி வேலை செய்தே முதுகு போய்விட்டது, அது அவளுக்குத் தெரியாது.

மார்ச் 11, செவ்வாய்

தங்கையும் அவள் மகள் பட்டனும் வந்தார்கள். பக்கத்துத் தெருவில் பட்டனுக்குப் பேச்சுப் பயிற்சி. செவ்வாய்தோறும் அது முடிந்ததும் நேரே இங்கே. ஐந்து வயதாகிறது, இன்னும் ஒரு சொல் வரவில்லை. வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் தையல் டப்பாவுக்குப் போய்விடுவாள். எல்லாப் பொத்தானையும் கொட்டி வரிசையாக அடுக்குவாள். அதனால்தான் பட்டன். அவளுடைய நிஜப் பெயர் அவள் அப்பாவுக்கே சட்டென்று வாயில் வராது.

அவள் அடுக்கிக்கொண்டிருந்தபோது பென்சிலை எடுத்தேன். சற்றே விரிந்த காது, கூரான மோவாய், அறையில் இல்லாத யாரோ பேசுவதைக் கேட்பதுபோல ஒரு சாய்வு. முடிந்தது விஷயம். புத்தகத்தில் வரும் எல்லா எல்ஃபுக்கும் இந்த முகம்தான். எனக்கு முகத்தைக் கற்பனையில் வரைய வராது. டைனோசர் புத்தகத்தில் குகை மனிதனாக நின்றவர் எங்கள் பல் டாக்டர். இன்றுவரை அவருக்குத் தெரியாது.

தங்கை எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "காதைக் கொஞ்சம் கூராக்குக்கா. அப்படியே இவதான்."

அப்புறம் சமையலறையில், டம்ளரைக் கழுவிக்கொண்டே, முகத்தை என் பக்கம் திருப்பாமல் சொன்னாள். "சில நாள் என்னமோ தோணுதுக்கா. எம்பொண்ணு வேற எங்கயோ நல்லாப் பேசிச் சிரிச்சுக்கிட்டு இருக்கா. யாரோ அவளை எடுத்துக்கிட்டு, இவளை மாத்தி வெச்சிட்டுப் போயிட்டாங்கன்னு. பெத்தவ இப்படி நெனைக்கலாமா?"

"நெனப்புதானேடி. அதுல என்ன தப்பு?"

"யாருகிட்டயும் சொல்லிடாதே."

"சொல்லுவேனா?"

கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவினாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கை ஈரம் என்று ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு சும்மா நின்றேன்.

இதை இங்கே எழுதுவது சொல்வதாகாது.

மார்ச் 15, சனி

நூலகம். எல்ஃப் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது எல்லாம் பொம்மைக் கடைச் சரக்கு. குளிர் நாட்டுப் பழங்கதைகளில் அவர்கள் குள்ளர்களே இல்லை! நம்மைப் போல உயரம், நம்மைவிட அழகு. பாறைக்குள் வீடு. கண்ணில் படாமல் நமக்குப் பக்கத்திலேயே குடித்தனம் நடத்துகிறவர்கள். மறைந்து வாழும் ஜனங்கள் என்றே ஒரு பெயர் உண்டாம். அவர்கள் இருக்கும் பாறையை உடைத்தால் ஆகாது என்று பாதையை வளைத்துப் போட்ட ஊர்கள்கூட இருக்கின்றன.

முதலாளியிடம் சொன்னேன். "உயரமெல்லாம் வேணாம்மா. தொப்பி போட இடமிருக்காது" என்றார்.

மார்ச் 18, செவ்வாய்

மூன்று பக்கம் தயார். பாறை வீடு. புல்வெளியில் வட்டமாக ஆடும் எல்ஃபுகள். ராத்திரியோடு ராத்திரியாக வீட்டு வேலையெல்லாம் செய்து வைத்துவிட்டு, நன்றியாகப் புதுச் சட்டை கொடுத்தால் கோபித்துக்கொண்டு ஓடிப்போகும் எல்ஃப். ("நம்ம வீட்டுக்கு ஒண்ணு வேணும்க்கா. சட்டையே தர மாட்டேன்" என்றாள் தங்கை.)

எந்தப் பக்கத்தையும் அச்சுக்குக் கொடுக்குமுன் நகல் எடுத்துப் பட்டனுக்கு முன்னால் வைப்பது வழக்கம். க்ரேயான் எங்கே தயங்குகிறதோ அங்கே என் கோட்டில் கோளாறு. கோடு தடிமனாக வேண்டும், இடம் அகலமாக வேண்டும். அவள்தான் எனக்குச் சம்பளமில்லாத மேலதிகாரி.

இன்று அவள் பாறைக்குத் தீட்டினாள், புல்லுக்குத் தீட்டினாள், வானம் பூராவும் அழுத்தி அழுத்தித் தீட்டினாள். எல்ஃபை மட்டும் அப்படியே வெள்ளையாக விட்டுவிட்டாள். எல்லாப் பக்கத்திலும் அப்படியே.

"உள்ளேயும் தீட்டு, கண்ணு" என்று விரல் வைத்துக் காட்டினேன். என் விரலைப் பிடித்துத் தூக்கி, யாரோ மறந்துவிட்டுப்போன ஸ்பூனை எடுத்து வைப்பதுபோல மேசை ஓரத்தில் வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். தங்கை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மார்ச் 24, திங்கள்

முதுகில் சுரீரென்று பிடித்துக்கொண்டது. திடீரென்று வரும் குத்துவலிக்கு எல்ஃபின் அம்புதான் காரணம் என்று அந்தக் குளிர் நாடுகளில் நம்பினார்களாம். கண்ணுக்குத் தெரியாத அம்பு. மாட்டுக்கும் படும், மனுஷருக்கும் படும். மருந்துக்கடைக்காரர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. களிம்பு கொடுத்தார்.

ஏப்ரல் 2, புதன்

முதலாளி: "ஒரு தாள் சும்மா வெள்ளையாப் போகுதும்மா. இன்னொரு படம் குடுத்திடு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும்."

என்ன கதை என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நூலகத்தில் குறித்து வைத்திருந்த மாற்றுக் குழந்தை. மனிதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தொட்டிலில் தங்கள் குழந்தையைக் கிடத்திவிட்டுப் போகும் எல்ஃபுகள். உட்கார்ந்த இடத்தில் முடிந்துவிட்டது. ஜன்னல் வழியாக ஒரு எல்ஃப் குழந்தையை அணைத்துக்கொண்டு போகிறது. தொட்டிலில் மற்றொரு குழந்தை விழித்துக்கொண்டு கிடக்கிறது. கீழே இப்படி எழுதினேன்:

'சில குழந்தைகள் பேசவே மாட்டார்கள். எதையோ கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இது என் குழந்தை இல்லை, என் குழந்தை வேறெங்கோ பேசிச் சிரித்துக்கொண்டு இருக்கிறது, யாரோ மாற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று அம்மா நினைப்பாள். முட்டை ஓட்டில் கஞ்சி காய்ச்சி வேடிக்கை காட்டினால், தொட்டிலில் இருக்கும் எல்ஃப் வியப்பில் வாய் திறந்து பேசிவிடும். உடனே நிஜக் குழந்தை திரும்பி வந்துவிடும்!'

படித்துப் பார்த்தேன். இவ்வளவு சுலபமாக எந்தப் பக்கமும் வந்ததில்லை. எனக்கே என் முதுகைத் தட்டிக்கொள்ளலாம் போலிருந்தது, வலி இல்லாமலிருந்தால்.

நேற்று பட்டனுக்குக் காய்ச்சல், வரவில்லை. இந்த ஒரு பக்கம் அவளிடம் பரீட்சைக்குப் போகாமலே அச்சுக்குப் போகிறது. பரவாயில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

அட்டை நன்றாக வந்திருக்கிறதாம். அடுத்த வாரம் கையில் வரும். பட்டனிடம் "உன் புத்தகம் வரப்போகுது" என்றேன். ஒரு சிவப்புப் பொத்தானை என் முழங்கால்மேல் வைத்தாள்.

மே 6, செவ்வாய்

எழுதாவிட்டால் தூக்கம் வராது.

புத்தகம் நேற்றே வந்துவிட்டது. செவ்வாய்க்காகப் பிரிக்காமல் வைத்திருந்தேன். தங்கையின் கையில் கொடுத்து, "பாரு, உம்பொண்ணு பக்கத்துக்குப் பக்கம் இருக்கா" என்றேன். என்ன பெருமை எனக்கு!

அவள், பொத்தான் அடுக்கிக்கொண்டிருந்த பட்டனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். நான் டீ போடப் போனேன். பாறை வீடு, ஆட்டம், சட்டை எல்லாம் காதில் விழுந்தது. ஒவ்வொரு எல்ஃபையும் காட்டி, "இது யாரு? இது யாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் "சில குழந்தைகள் பேசவே மாட்டார்கள்" என்று ஆரம்பித்தாள். அடுத்த வரி. அதற்கடுத்த வரியின் பாதி.

சத்தம் நின்றுவிட்டது.

போன் ஏதோ வந்திருக்கும் என்று நினைத்தேன். சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தேன். அவள் புத்தகத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "இது நான் சொன்னது."

"என்னது?"

"இது நான் உங்கிட்ட சொன்னது, அக்கா."

டம்ளர் இரண்டையும் மேசையில் வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியாது. தெரிந்த நிமிஷத்தில் வாயிலிருந்து வந்தது என்ன? மன்னிப்பா? இல்லை. "அது பழைய கதைடி. நான் உண்டாக்கினதில்ல. புஸ்தகத்துல இருக்கு."

"என் வார்த்தை இருக்கு. இவ மூஞ்சி இருக்கு." தொட்டிலில் கிடந்த முகத்தின்மேல் விரலை வைத்தாள். "பேசாத பொண்ணு எல்ஃப். பேசறது நெஜப் பொண்ணு. நான் பைத்தியமாப் புலம்பினதை எடுத்துப் படம் போட்டு வித்துட்டியே."

எல்லா எல்ஃபுக்கும் ஒரே முகம் என்று முடிவு செய்தேன். தொட்டிலில் இருப்பதும் எல்ஃப். ஆகவே அதற்கும் அந்த முகம். தொழிலில் ஒழுங்கு! மண்டையில் வேறு எதுவுமே ஓடவில்லை.

பட்டனின் செருப்பை மாட்டினாள். பட்டன் பொத்தான் வரிசை பாதியில் நிற்கிறதென்று திமிறினாள். தங்கை அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மேசைமேல் அந்தப் பாதி வரிசை இன்னும் இருக்கிறது. டீயும் இருக்கிறது, ஏடு படிந்து.

மே 7, புதன்

அந்தக் கதை எத்தனையோ நூறு வருஷமாக இருக்கிறது. நான் எழுதாவிட்டால் இல்லாமல் போய்விடுமா? அவளுக்குத்தான் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்வதே வழக்கம்.

மே 8, வியாழன்

நேற்று எழுதியதைப் படித்தேன். தூ.

மே 9, வெள்ளி

தங்கை போன் எடுக்கவில்லை. அவள் வீட்டுக்காரர் எடுத்தார். "குளிச்சிட்டிருக்கா, அண்ணி" என்றார். சாயந்திரமும் குளித்துக்கொண்டிருந்தாள்.

மே 13, செவ்வாய்

பயிற்சி முடியும் நேரத்துக்கு ஜன்னலில் நின்றேன். தெருமுனையில் வந்தார்கள். என் வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் பட்டன் தானாகத் திரும்பினாள். தங்கை கையைப் பிடித்து இழுத்தாள். பட்டன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, கத்தவில்லை. மூட்டைபோல உட்கார்ந்துவிட்டாள். தங்கை குனிந்து என்னவோ சொன்னாள், பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள், அவளையும் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தாள். ஒருமுறையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஓடிப்போய் அந்தப் பையையாவது வாங்கியிருக்கலாம். மாடிப்படியில் பாதி இறங்கி, என்னைக் கண்டால் இன்னும் வேகமாக நடப்பாளே என்று திரும்பி ஏறிவிட்டேன். இறங்கியிருக்க வேண்டும்.

மே 16, வெள்ளி

மறுபடி நூலகம். அன்று நான் கழித்துக்கட்டியதை எல்லாம் இன்று உட்கார்ந்து படித்தேன்.

முட்டை ஓட்டுக் கஞ்சி மட்டுமில்லை. அது குழந்தைகளுக்கு ஏற்றது என்று பொறுக்கி எடுத்தது நான். மாற்றுக் குழந்தை என்று சந்தேகம் வந்தால் அடித்திருக்கிறார்கள். குளிரில் வெளியே கிடத்தியிருக்கிறார்கள். நெருப்பைக் காட்டி மிரட்டியிருக்கிறார்கள். குழந்தை அலறினால் எல்ஃப் அம்மா மனம் பொறுக்காமல் ஓடிவந்து தன்னுடையதை எடுத்துக்கொண்டு இவர்களுடையதைத் தந்துவிடுவாளாம். வராதபோது என்ன செய்தார்கள்? எல்ஃப் எங்கே, பாறை எங்கே? தொட்டிலில் கிடந்தது எல்லாம் அவரவர் பெற்ற பிள்ளைகள். பேச்சு வராதவை, நடை வராதவை, பார்க்காதவை.

பஸ்ஸில் வரும்போது ஒன்று தோன்றியது, அது தோன்றாமலே இருந்திருக்கலாம். இந்தக் கதை எப்படிப் பிறந்திருக்கும்? ஒரு அம்மா களைத்துப்போய், பாத்திரம் கழுவிக்கொண்டே, இது என் குழந்தை இல்லையோ என்று ஒரே ஒரு நாள் சொல்லியிருப்பாள். யாரிடம் சொல்லியிருப்பாள்? கூடப் பிறந்தவளிடம்தான். அந்தக் கூடப் பிறந்தவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் கதையே இல்லை.

மே 19, திங்கள்

முதலாளியின் கிடங்கு. தொட்டில் பக்கத்தை எடுத்துவிட வேண்டும் என்றேன்.

"அடிச்சு முடிச்ச புக்கும்மா. யாராவது புகார் குடுத்தாங்களா?"

"நான் குடுக்கறேன்."

என் முகத்தில் என்ன கண்டாரோ, பேச்சை வளர்க்கவில்லை. "கடைக்குப் போனது போனதுதான். இங்க இருக்கறதை என்ன வேணா பண்ணிக்கோ. ஆனா உருவாதே. நடுவுல பின் அடிச்சது. ஒரு தாளை உருவினா அதோட ஜோடியும் கழண்டுடும்."

இருபது வருஷம் இதே தொழில், இந்த ஜோடி விஷயம் எனக்குத் தெரியாதா? ஆனாலும் இன்று அதைக் கேட்டதும் ஒரு பிரதியைப் பிரித்து எண்ணிப் பார்த்தேன். தொட்டில் பக்கத்தின் ஜோடி வட்டமாக ஆடும் எல்ஃபுகள். பட்டன் வானம் பூராவும் தீட்டிய பக்கம்.

ஓரத்தில் விரற்கடை விட்டு, இரும்பு ஸ்கேல் வைத்து, பிளேடால் ஒவ்வொன்றாக வெட்டினேன். பின்பக்கம் வெள்ளைதான், நிறம் ஊறாமல் இருக்க எப்போதும் வெறுமையாகவே விடுவோம். அதனால் வேறு எதுவும் கெடவில்லை. படிக்கிற பிள்ளைக்கு ஒரு பக்கம் போனதே தெரியாது.

மே 20, செவ்வாய்

இன்றும் கிடங்கு. வெட்டிய தாள்கள் காலடியில் குவிந்தன. எல்லாவற்றிலும் அந்த முகம், எதையோ கேட்டுக்கொண்டு. ஜன்னலில் நிற்காமல் இருக்கத்தான் செவ்வாய்க்கிழமையும் வேலை வைத்துக்கொண்டேன்.

மே 22, வியாழன்

தங்கை போன் எடுத்தாள். வெட்டியதைச் சொன்னேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை டீச்சரிடம் வீட்டுப்பாடம் காட்டுவதுபோல ஒப்பித்தேன்.

"கடைக்குப் போனது?"

"அது... போயிடுச்சு."

"ம்."

"தப்புதான்டி. தெரியாம வந்துடுச்சு. எங்கேர்ந்து வந்துதுன்னே எனக்குத் தெரியலை, அதான் உண்மை. எம்மேல செருப்பைக் கழட்டி அடி."

அப்புறம் கோபமே இல்லாத குரலில் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் புக்குக்காக அழலைக்கா. அதை யாரு படிச்சாலும் எங்க வீட்டுக் கதைன்னு தெரியப்போறதில்லை. ஆனா அந்த மாதிரி ஒண்ணைச் சொல்ல எனக்கு ஒருத்திதான் இருந்தா. இனிமே நான் யாருகிட்டப் போய்ச் சொல்றது?"

வைத்துவிட்டாள்.

மே 27, செவ்வாய்

குனிந்து தரையில் விழுந்த பென்சிலை எடுத்தேன். மறுபடியும் சுரீர். களிம்பு தடவவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

தெருமுனை. பட்டன் உட்கார்ந்தாள். தங்கை தூக்கிக்கொண்டு போனாள்.

ஜூன் 8, ஞாயிறு

முதலாளி அடுத்த புத்தகத்துக்குக் கடல்கன்னி என்றார். முகத்துக்கு யாரை வரைவது? பல் டாக்டரைத்தான் போட வேண்டும். அவரிடம் கேட்டுவிட்டுப் போடலாம் என்று இருக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

மழை. அந்த மழையிலும் பட்டன் தெருமுனையில் உட்கார்ந்துவிட்டாள்! குடையை எடுத்துக்கொண்டு இந்த முறை முழுப் படியும் இறங்கினேன். போய்ச் சேருவதற்குள் ஆட்டோவில் ஏறிவிட்டார்கள். வாசலில் நனைந்துகொண்டு நின்றேன், கையில் விரிக்காத குடை.

ஜூன் 24, செவ்வாய்

மணி அடித்தது. கதவைத் திறந்தால் பட்டன் மட்டும். கீழே படிக்கட்டுத் திருப்பத்திலிருந்து தங்கையின் குரல்.

"வாராவாரம் ரோட்டுல உக்காந்துக்கறா. என்னால தூக்க முடியலை. அரை மணி நேரம் இருக்கட்டும். நான் கீழயே நிக்கறேன்."

"மேல வாயேன்டி."

"கீழயே நிக்கறேன்."

பட்டன் நேரே மேசைக்குப் போனாள். அந்தப் பாதி வரிசையை நான் கலைக்கவில்லை, அதன்மேல் தட்டைக் கவிழ்த்து வைத்துத்தான் இத்தனை நாளும் வேறு இடத்தில் உட்கார்ந்து வேலை செய்தேன். தட்டை எடுத்தாள். விட்ட இடத்திலிருந்து அடுக்க ஆரம்பித்தாள், நேற்று எழுந்துபோனவள் போல.

அடுக்கி முடித்ததும் தாளுக்குக் கை நீட்டினாள். கோடு போட்ட பக்கம் எதையும் அவளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. வெறும் தாளைக் கொடுத்தேன். கொஞ்சம் பார்த்தாள். அப்புறம் கறுப்பு க்ரேயானால் ஒரு கோணல் வட்டம், இரண்டு பக்கமும் காது. பக்கத்தில் இன்னொன்று, பெரிது, அதற்கும் காது. அவள் கோடு போட்டு நான் பார்த்ததே இல்லை. நீல க்ரேயானை என் கையில் திணித்து, என் விரலைப் பிடித்துத் தாளில் வைத்தாள். வட்டத்துக்கு வெளியே.

வெளியே மட்டும் தீட்டினேன். ஒரு இடத்தில் என் க்ரேயான் கோட்டைத் தாண்டி உள்ளே போகப் பார்த்தது. விரலைத் தூக்கி மேசை ஓரத்தில் வைத்தாள். தகும்.

டீ போட்டு எடுத்துக்கொண்டு பட்டனோடு இறங்கினேன். தங்கை கேட்டின் பக்கத்தில் நின்றிருந்தாள். இளைத்திருக்கிறாள். டம்ளரை வாங்கிக்கொண்டாள், நின்றபடியே குடித்தாள்.

"என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பேசலை."

"நல்லது" என்றாள். சிரிக்கவில்லை, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. "அடுத்த வாரமும் கீழயேதான் நிப்பேன்."

"சரி."

டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். பட்டனின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்தவள் நின்றாள். தெருவைப் பார்த்தபடி, என் பக்கம் திரும்பாமல், ஒன்று சொன்னாள். முந்தாநாள் அவளுக்கு வந்த ஒரு நினைப்பைப் பற்றி. சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தாள். இந்த முறை கை ஈரமில்லை. தோளைத் தொட்டேன். போய்விட்டாள்.

என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.